காம் ஒண்ணு யாருகிட்ட இருக்கு?

இன்று பொறியியல் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் ஒருவரிடம் ஆர்டுயினோ போர்டைக் கொடுத்துப் பாருங்கள். அவர் எழுதும் முதல் பத்து வரிகளுக்குள் 9600 என்ற எண் வந்துவிடும். அதென்ன 9600, பத்தாயிரம் என்று முழுசாக வைத்தால் என்ன என்று கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க சார்" என்பார். கிட்டத்தட்ட சரியான பதில்தான். எல்லாரும் அப்படிப் போட்டார்கள், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் போட்டார்கள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் சிகாகோவில் ஒரு உப்பு வியாபாரி வருவார். இன்னும் பின்னால் போனால் பிரான்ஸில் ஐந்து கட்டைகளை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருக்கும் தந்தி ஊழியர் வருவார்.

தொண்ணூறுகளில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். (ரிச்சி தெருவுக்கும் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சிக்கும் சம்பந்தமில்லை. இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.) வருகிற பெட்டியைத் திறந்து கார்டு மாட்டுவதும் கழற்றுவதும் எங்கள் வேலை. அதில் ராம் போடுவது சுலபம், ஹார்ட் டிஸ்க் போடக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சீரியல் கார்டு மட்டும் தனி வித்தை. அதைப் பொருத்துகிறவர் இரண்டு பேச்சுவார்த்தைகளை நடத்தி முடிக்க வேண்டும். ஒன்று, வயரின் மறுமுனையில் இருக்கும் மெஷினோடு. இன்னொன்று, அதே பெட்டிக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற கார்டுகளோடு. இரண்டிலும் மெஷின்கள் வாயைத் திறக்காது. நடுவில் இருக்கும் மனிதர்தான் இரண்டு தரப்புக்கும் சேர்த்துப் பேச வேண்டும்.

முதலில் வயர். சீரியல் தொடர்பு என்றால் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் போவது. எழுத்து போகும், ஆனால் அந்த எழுத்து என்ன வேகத்தில் வருகிறது, அதில் எத்தனை பிட், சரிபார்ப்பு பிட் உண்டா, முடிவில் எவ்வளவு இடைவெளி என்ற விவரம் எதுவும் கம்பியில் போகாது. அதை இரண்டு முனையிலும் முன்கூட்டியே ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். டாஸ் காலத்தில் 'மோட்' என்ற கட்டளையில் இந்த நான்கையும் வரிசையாகக் கொடுப்போம்: 9600, என், 8, 1. ஒன்று மாறினாலும் திரையில் பூச்சிபூச்சியாகக் குப்பை வரும். பழகியவர்கள் அந்தக் குப்பையின் சாயலைப் பார்த்தே வேகம் தப்பா, பாரிட்டி தப்பா என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த நான்கு எண்களையும் யாரோ ஒரு கமிட்டி உட்கார்ந்து யோசித்து வைத்ததாகத்தான் நானும் நினைத்திருந்தேன். கமிட்டிக்கு வெகுகாலம் முன்பே அவை பிறந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கையோ, ஒரு சக்கரமோ, காகிதத்தில் ஒரு ஓட்டையோ இருக்கிறது.

எமில் போடோ 1869-இல் பிரெஞ்சு தந்தித் துறையில் ஊழியராகச் சேர்ந்தவர், விவசாயி மகன். 1874-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து அலகு. ஊழியர் முன்னால் பியானோ மாதிரி ஐந்து கட்டைகள்: இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. எழுத்துக்கு உரிய சேர்க்கையை அவர் மனப்பாடமாக அழுத்த வேண்டும். அதுவும் நினைத்த நேரத்தில் அழுத்த முடியாது. ஒரே கம்பியைப் பல ஊழியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். சுழலும் கை ஒன்று ஒவ்வொருவர் பக்கமாக வந்துபோகும். தன் முறை வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தத் தாளத்துக்குள் விரல் விழ வேண்டும். நிமிடத்துக்கு 30 சொற்கள்போல, மணிக்கணக்காக. இந்த ஏற்பாட்டில் கடிகாரமாக வேலை செய்தது மனித உடம்புதான் என்று சொல்லலாம். பின்னால் 1920களில் தந்தி வேகத்தின் அலகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 'பாட்' என்று நாம் சொல்வது போடோவைத்தான்.

தாளம் தப்பாத ஊழியர்களைத் தேடிப் பிடிப்பதைவிட, தட்டச்சு தெரிந்த யாரும் அனுப்பக்கூடிய மெஷின் செய்தால் நல்லதல்லவா? அமெரிக்காவில் அந்தக் கனவுக்குப் பணம் போட்டவர் ஜாய் மார்ட்டன். சிகாகோவில் மார்ட்டன் உப்பு கம்பெனியின் முதலாளி. இயந்திரத்தைச் செய்தவர் சார்லஸ் க்ரம் என்ற எஞ்சினியர். இருவர் பெயரையும் ஒட்டி கம்பெனிக்கு 'மார்க்ரம்' என்று பெயர் வைத்தார்கள். முடிச்சு ஒன்றுதான் அவிழவில்லை: நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் இரண்டு மோட்டார்களை ஒரே வேகத்தில் சுழலவைப்பது எப்படி? எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

அதை அவிழ்த்தவர் சார்லஸின் மகன் ஹோவர்ட் க்ரம். அவர் செய்ததில் இருக்கும் தந்திரம் எனக்கு இன்றும் ஆச்சரியம். இரண்டு மோட்டாரும் நாள் முழுக்க ஒத்துப்போக வேண்டாம், ஒரே ஒரு எழுத்து நேரத்துக்கு ஒத்துப்போனால் போதும். சும்மா இருக்கும்போது கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். எழுத்து வரப்போகிறது என்றால் ஒரு கணம் மின்சாரம் நிற்கும். அந்த இடறலில் மறுமுனையின் கிளட்ச் விடுபட்டு, தண்டு ஒரே ஒரு சுற்று சுற்றும். சுற்றும்போது ஐந்து இடத்தில் கம்பியைத் தொட்டுப்பார்க்கும். பிறகு கொக்கியில் வந்து முட்டி நிற்கும். அடுத்த எழுத்துக்குப் புதிதாக ஆரம்பம். எழுத்துக்கு எழுத்து கணக்கு தீர்க்கப்படுவதால் பழைய பிசகு சேர்ந்துகொண்டே போகாது. இன்றைய பத்து பிட் எழுத்துக்கும் அதே கணக்குதான். இரண்டு முனைகளின் வேகத்துக்கும் நடுவே ஏறத்தாழ 5 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தாலும் எழுத்து தப்பாது.

அந்த இடறல்தான் 'ஸ்டார்ட் பிட்'. தண்டு கொக்கியில் முட்டி அடங்கக் கொடுத்த அவகாசம்தான் 'ஸ்டாப் பிட்'. அதாவது 9600, என், 8, 1 என்பதில் கடைசியில் வரும் அந்த 1, இரும்புத் தண்டு மூச்சு வாங்கிய நேரம். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 கொஞ்சம் கனமான ஆள், அதற்கு இரண்டு ஸ்டாப் பிட் வேண்டும். எட்டு பிட், ஒரு ஸ்டார்ட், இரண்டு ஸ்டாப், ஆக எழுத்துக்குப் பதினொன்று. வினாடிக்குப் பத்து எழுத்து. அதனால்தான் 110 பாட். ஐந்து பிட் மெஷின்களுக்கு ஒன்றரை. ஒரு பிட்டில் பாதி எப்படி இருக்கும் என்று கடையில் ஒரு பையன் கேட்டான். அது பிட்டே இல்லையப்பா, நேரம்.

மெஷின்கள் வேகமாக ஆக வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனார்கள். தந்தியில் 75 பாட் பழகிய வேகம். 75, 150, 300, 600, 1200, 2400, 4800, 9600. அவ்வளவுதான் அந்த மாணவருக்கான பதில்.

பாரிட்டிக்கு வேறு வம்சாவளி. காகித நாடாவில் ஒரு எழுத்துக்கு எட்டு ஓட்டை போட இடம் உண்டு. எழுத்துக்கு ஏழு போதும். எட்டாவதை, மொத்த ஓட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி போட்டோ போடாமலோ விடுவார்கள். வாசிக்கும்போது ஒற்றைப்படை வந்தால் எங்கோ கிழிசல் அல்லது அழுக்கு என்று அர்த்தம். நாடா போய்விட்டது, 'ஈவன் பாரிட்டி' தங்கிவிட்டது. நாடாவின் இன்னொரு மிச்சம் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் பழக்கதோஷத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு, எல்லாம் உறைந்துபோய்த் திகைத்து, பிறகு யாரோ சொல்லி கண்ட்ரோல்-க்யூ அழுத்தியிருப்பீர்கள். மறுமுனையில் இருக்கும் டெலிடைப்பின் நாடா வாசிப்பானை நிறுத்து, திரும்ப ஓட்டு என்ற கட்டளைகள் அவை.

1960-இல்தான் கமிட்டி வருகிறது. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் ஆர்எஸ்-232 என்ற தரத்தை வெளியிட்டது. ஆர்எஸ் என்றால் பரிந்துரைக்கப்பட்ட தரம், வற்புறுத்தல்கூட இல்லை. 1969-இல் வந்த 'சி' வடிவம் பல வருஷம் நின்றது. டெர்மினலை மோடத்தோடு இணைக்க எழுதிய தரம் அது. ஒருத்தர் பேசுகிறவர், மற்றவர் கடத்துகிறவர். டெர்மினல் இரண்டாம் முள்ளில் அனுப்பும், மூன்றாம் முள்ளில் வாங்கும். ஆனால் உலகம் அந்தக் கேபிளில் டெர்மினலையும் மோடத்தையும் மட்டும் கட்டவில்லை. கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் கட்டியது, பிரிண்டரைக் கட்டியது, தராசைக் கட்டியது. இரண்டு பேருமே "நான்தான் டெர்மினல்" என்றால் இருவரும் ஒரே முள்ளில் பேசிக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் நிற்பார்கள். அதற்காகத்தான் இரண்டையும் மூன்றையும் குறுக்காக மாற்றிக் கட்டிய கேபிள். 1984-இல் ஐபிஎம் ஏடி வந்தபோது 25 முள்ளை 9 முள்ளாக்கினார்கள். போகிற போக்கில் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றியும் வைத்தார்கள். அந்த ஒரு முடிவால் உலகம் முழுக்க சாலிடரிங் அயர்ன் பிடித்தவர்கள் வீணாக்கிய நேரத்துக்குக் கணக்கே கிடையாது.

எங்கள் கடை சீனியர் இதற்கு வைத்திருந்த வைத்தியம் எளிமையானது. ஆர்எஸ்-232-இல் ஒன்று என்பது மைனஸ் வோல்ட், பூஜ்யம் என்பது பிளஸ். சும்மா இருக்கும் கம்பி 'ஒன்று' நிலையில் இருக்கும், க்ரம் காலத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்த மாதிரி. ஆகவே மீட்டரின் கறுப்பு வயரைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பை இரண்டிலும் மூன்றிலும் தொட்டால், எது மைனஸ் காட்டுகிறதோ அதுதான் அனுப்புகிற முள். "எவன் கோபமா இருக்கானோ அவன்தான் பேசுறவன்" என்பார். புத்தகம் தேவையில்லை.

இனி பெட்டிக்குள் வருவோம்.

பிட்டுகளை வரிசையில் அனுப்பி வாங்கும் வேலையை முதலில் ஒரு முழு போர்டு செய்தது. டிஇசி நிறுவனத்தின் பிடிபி-1 கம்ப்யூட்டரில் தந்திக் கம்பிகளை இணைக்க கார்டன் பெல் வடிவமைத்தது அது. க்ரம்மின் தண்டும் கிளட்சும் டிரான்சிஸ்டராக மாறின என்று வைத்துக்கொள்ளலாம். 1971 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை ஒரே சிப்பில் அடக்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்கான சீரியல் கார்டில் நேஷனல் செமிகண்டக்டரின் 8250 சிப் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் 18,43,200 துடிப்புள்ள ஒரு கிரிஸ்டல். விநோதமான எண், வகுத்துப் பார்த்தால் விநோதமில்லை. பதினாறால் வகுத்தால் 1,15,200. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 9600, 2304-ஆல் வகுத்தால் 50. தந்திக் காலத்து வேகங்கள் முழுசாக வகுபட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கிரிஸ்டலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதே சிப்பில் ஐந்து பிட், ஒன்றரை ஸ்டாப் என்று கேட்டாலும் கிடைக்கும். எண்பதுகளின் நவீனக் கம்ப்யூட்டர், போடோவின் வாரிசு வந்து கதவைத் தட்டினால் பேசத் தயாராக இருந்தது.

கார்டில் இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று முகவரி. பிராசஸர் எந்த எண்ணைக் கூப்பிட்டால் இந்தக் கார்டு திரும்பிப் பார்க்க வேண்டும்? முதல் கார்டுக்கு 3எஃப்8, இரண்டாவதற்கு 2எஃப்8. பதினாறடிமான எண்கள். இந்த முகவரிகளை பயாஸ் நினைவகத்தின் ஆரம்பத்தில் ஒரு மூலையில் எழுதி வைக்கும். நான்கு போர்ட்டுக்கு மட்டும் இடம். டாஸின் டீபக் நிரலில் அந்த மூலையைத் திறந்தால் 'எஃப்8 03 எஃப்8 02' என்று தலைகீழாக நிற்பது தெரியும். அதை முதன்முதலில் பார்த்த அன்று, வீட்டுப் பத்திரத்தில் நம் பெயரைப் பார்த்தது மாதிரி ஒரு சந்தோஷம்.

இரண்டாவதுதான் வில்லங்கம்: ஐஆர்க்யூ. எழுத்து வந்தவுடன் கார்டு பிராசஸரைக் கூப்பிடும் மணி அது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குடித்தனம் இருக்கும் ஸ்டோர் வீடு. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு மணி, சத்தத்தை வைத்து வீட்டுக்காரர் யார் கூப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்வார். முதல் பிசியில் மொத்தம் எட்டு மணிதான். 0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு. எக்ஸ்டி வந்து ஹார்ட் டிஸ்க் 5-ஐ எடுத்துக்கொண்டது. 3-உம் 4-உம் சீரியலுக்கு. 2 மட்டும் மிச்சம். ஏடியில் இன்னொரு எட்டைச் சேர்த்தார்கள், ஆனால் அவையும் சீக்கிரம் நிரம்பின.

காம் 1-க்கு நான்காம் மணி, காம் 2-க்கு மூன்றாம் மணி. பிறகு காம் 3, காம் 4 என்று வந்தபோது மணி மிச்சமில்லை. என்ன செய்தார்கள்? காம் 3-க்கும் நான்கு, காம் 4-க்கும் மூன்று என்று கொடுத்துவிட்டார்கள். ஒரே மணிக்கு இரண்டு குடித்தனம். அந்தக் கால ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் மணியைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடே கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தால் ஒருத்தர் கூப்பிட்டது கேட்காமலே போகும். இரண்டு போர்ட்டையும் ஒரே சமயத்தில் பயன்படுத்தாதவரை பிரச்சினை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் விசேஷம்.

மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இணைய சேவை தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். வெளியூர் கிளையன்ட் மெயில் அனுப்பச் சொல்கிறார் என்று வேறு யாரோ அவருக்கு இன்டர்னல் மோடம் கார்டு போட்டுக் கொடுத்திருந்தார்கள். போனில் ஆடிட்டர் சொன்னார்: "தம்பி, லைன் போட்டா மவுஸ் செத்துப்போறது. லைனை வெச்சா உசிர் வந்துடறது. இது என்ன பேயா?"

சீனியர் சிரிக்கவில்லை. போனை என்னிடமிருந்து வாங்கி, "சார், இப்ப வரோம்" என்று வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "காம் ஒண்ணு யாருகிட்ட இருக்கு?"

அந்தக் கேள்விக்குள் எல்லாமே இருந்தது. மவுஸ் காம் 1-இல் இருக்கும், மோடம் கார்டின் ஜம்பர் காம் 3-இல் இருக்கும். மவுஸுக்கும் நான்காம் மணி, மோடத்துக்கும் நான்காம் மணி. போய்த் திறந்தோம். அப்படியே. தைவானில் செய்த மல்ட்டி ஐ-ஓ கார்டு, அதில்தான் ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி, பிரிண்டர், இரண்டு சீரியல் எல்லாம். யாரும் பயன்படுத்தாத காம் 2-ஐ ஜம்பர் எடுத்து முடக்கி, மோடத்தை 2எஃப்8, மூன்றாம் மணிக்கு மாற்றினோம். டுவீசரில் எடுத்த ஜம்பரைச் சீனியர் தூக்கிப் போடவில்லை. இரண்டு முள்ளில் ஒன்றில் மட்டும் தொங்கவிட்டார். இணைப்பும் ஆகாது, அடுத்து வருகிறவர் தேடவும் வேண்டாம். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் 'காம் 1 மவுஸ் 4, காம் 2 மோடம் 3, ஐ-ஓ கார்டு இரண்டாவது ஆஃப்' என்று எழுதி, தேதி போட்டு, பெட்டி மூடியின் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டினார்.

அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கார்டு எந்த முகவரியில், எந்த மணியில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்டி நிரலை ஓட்டினால் முகவரியும் சிப் வகையும் சொல்லும், மணியைச் சொன்னால் பல நேரம் அது ஊகம்தான். உண்மை ஜம்பரில் இருந்தது, ஜம்பர் எதைக் குறிக்கிறது என்பது கார்டோடு வந்த ஒரு தாளில், பொடி எழுத்து ஆங்கில அட்டவணையாக இருந்தது. தாள் தொலைந்தால் கார்டு ஊமை. ஆகவே கடையில் ஒரு நீளமான நோட்டு உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு படம், கையால் வரைந்தது; ஒவ்வொரு வாடிக்கையாளர் பெட்டிக்கும் ஒரு பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் வரலாற்றை எழுதியவர்கள் சிப்புகளையும் முதலாளிகளையும் எழுதினார்கள். இந்த இயந்திரங்கள் ஓடியது இப்படிப்பட்ட நோட்டுகளால் என்பது அந்த வரலாறுகளில் எனக்குத் தென்படவில்லை. நோட்டு யாரிடமும் இல்லை இப்போது. எங்கள் கடை நோட்டு எடைக்குப் போனது.

சரியாக வைத்த பிறகும் ஒரு தொல்லை இருந்தது. 8250-இல் வந்த எழுத்தை வைத்துக்கொள்ள ஒரே ஒரு இடம். அடுத்தது வருவதற்குள் பிராசஸர் எடுத்தாக வேண்டும். 9600-இல் எழுத்துக்கு ஒரு மில்லி வினாடி கிடைக்கும், சமாளிக்கலாம். 38,400-இல் அதில் கால்வாசி. விண்டோஸ் வேறு வேலையில் மூழ்கியிருந்தால் எழுத்துகள் விழுந்துபோகும். 16550ஏ சிப்பில் பதினாறு எழுத்துக்கு வரிசை இருந்தது. (ஏ இல்லாத முதல் 16550-இல் அந்த வரிசையே பழுது.) கார்டு வாங்கப் போனால் சிப்பின் மேல் எழுதியிருப்பதைக் கண்ணை இடுக்கிப் படித்துவிட்டுத்தான் காசு கொடுப்போம்.

மெஷின்கள் தாமாகப் பேசக் கற்றுக்கொண்டதற்கு முதல் அறிகுறிகள் இதே சீரியல் வயரில்தான் தென்பட்டன. 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்துக்கு எல்லாக் கட்டளையும் 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். கவனி என்பதன் சுருக்கம். ஆனால் அதில் இன்னொரு வேலையும் நடந்தது. 'ஏ' எழுத்தில் ஸ்டார்ட் பிட்டுக்கு அடுத்து உடனே ஒன்று வருவதால், அந்த முதல் பூஜ்யத்தின் நீளத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். 'ஏ'-இல் இரண்டு ஒன்றுகள், 'டி'-இல் மூன்று. ஆக இரண்டையும் பார்த்தால் பாரிட்டியும் தெரிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலிலிருந்தே ஆள் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கிற வித்தை. மைக்ரோசாஃப்ட் மவுஸும் அப்படித்தான்; மின்சாரம் கிடைத்தவுடன் 'எம்' என்று ஒரு எழுத்தை அனுப்பும். நான் மவுஸ் வந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

1993-இல் கார்டுகளுக்கே பேச்சு வந்தது. பிளக் அண்ட் ப்ளே. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு அடையாள எண். பெட்டி விழித்தவுடன் எல்லாக் கார்டுகளும் தங்கள் எண்ணைப் பிட்டுப் பிட்டாகச் சொல்லத் தொடங்கும். தன்னை முந்தும் இன்னொரு கார்டின் குரல் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் ஒன்று மிஞ்சும். அதற்கு முகவரியும் மணியும் கொடுத்துவிட்டு மறுபடி மற்றவற்றுக்கு. விண்டோஸ் 95 வந்த புதிதில் இது பாதி நேரம் வேலை செய்யாது, 'பிளக் அண்ட் ப்ரே' என்று கேலி செய்வார்கள். சாமியைக் கும்பிட்டுக்கொண்டே மாட்டு. அப்போது எங்களுக்கு வேலை கூடித்தான் போனது. 1996-இல் யுஎஸ்பியின் முதல் வடிவம் வந்தது. வதோதராவில் படித்த அஜய் பட் இன்டெல்லில் அதன் பின்னால் இருந்த முக்கியமானவர்களில் ஒருவர். அதன் பிறகு காம் ஒண்ணு யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியமே போயிற்று.

எங்கள் சீனியர் இப்போது அம்பத்தூரில். அங்கே பல பட்டறைகளில் சிஎன்சி மெஷின்களுக்கு இன்னும் ஆர்எஸ்-232 கேபிளில்தான் நிரலை ஏற்றுகிறார்கள். மெஷின் முப்பது வருஷம் உழைக்கும், யாரும் போர்ட்டுக்காக அதை மாற்ற மாட்டார்கள். போன வருஷம் பார்த்தபோது சொன்னார், அங்கே பெரும்பாலும் 7 பிட், ஈவன் பாரிட்டி. "ஏன்ணே, 8-என்-1 வைக்கக் கூடாதா?" என்றேன். "அந்த மெஷின் காகித நாடா படிச்ச பரம்பரைப்பா" என்றார். அவர் கைப்பையில் பழைய லேப்டாப் ஒன்று, சீரியல் போர்ட் உள்ளது, பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்.

ஆர்டுயினோவின் சில வகைகளில் யுஎஸ்பி நேராகவே சிப்புக்குப் போகிறது. அவற்றில் 9600 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் வேகம் மாறாது. அந்த எண் அங்கே வெறும் சடங்கு. சடங்கைவிட ஒரு படி மேலான இடமும் இருக்கிறது. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உங்கள் க்ளவுட் சர்வர் நடுராத்திரி எழுந்திருக்க மறுத்தால், நெட்வொர்க் வழியாக உள்ளே போக முடியாது. நெட்வொர்க்கே இன்னும் விழிக்கவில்லை. அப்போது எஞ்சினியர்கள் திறப்பது 'சீரியல் கன்சோல்'. கறுப்புத் திரையில் லினக்ஸ் தன் கர்னல் செய்திகளை ஓட்டும். அதில் ஒரு வரி: டிடிஒய்எஸ்0, முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4, அடிப்படை வேகம் 115200, சிப் 16550ஏ. டிடிஒய் என்றால் டெலிடைப். அந்தச் சர்வரில் கார்டு கிடையாது, சிப் கிடையாது, கிரிஸ்டல் கிடையாது, வயரும் கிடையாது. எல்லாம் மென்பொருள் போடும் வேஷம். ஆனாலும் 115200-ஐ என்ன எண்ணால் வகுக்க வேண்டும் என்று அந்த இல்லாத சிப்புக்கு இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதுவும் வாங்கி வைத்துக்கொள்கிறது.